பிரவுனியின் மூக்கில் ரத்தம்: சூடுதானா, புற்றுநோயா?

கொளத்தூரிலிருந்து 61 வயது அம்மா ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு நாய் பிரவுனிக்கு 11 வயது. நாட்டு நாய், ஆண், கருத்தடை அறுவை செய்யப்படாதவன். டீக்கடை வாசலில் நனைந்து கிடந்த குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தவர் அந்த அம்மாவின் கணவர். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் அம்மாவும் பிரவுனியும் மட்டும்தான்.

ஏப்ரலில் ஒருநாள் பிரவுனி தும்மியபோது தரையில் இரண்டு சொட்டு ரத்தம் விழுந்திருக்கிறது. வெயில் சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்திருக்கிறார், சின்ன வெங்காயத்தை நசுக்கிச் சோற்றில் பிசைந்து கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் ஓர் ஊசி போட, நின்றுவிட்டது. ஜூன் கடைசியில் மூன்றாவது முறை வந்தபோது அரை மணி நேரம் நிற்கவில்லை. சுவர், சோபா உறை, மாடிப்படி என்று எங்கும் ரத்தம். பஞ்சை உருட்டி மூக்கில் அடைத்துப் பார்த்திருக்கிறார், அவன் தும்மித் தள்ளிவிட்டான். மூன்று முறையும் இடது துளையில்தான். கடிதத்தின் ஓரங்களில் இன்னும் சில விஷயங்களைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்: பிஸ்கட்டை வலது பக்கமாகவே கடிக்கிறான், போன வருடம் உண்ணி நிறைய இருந்தது, இப்போது இல்லை, பின்னங்கால் வலிக்குத் தன்னுடைய மூட்டுவலி மாத்திரையில் பாதியைப் பத்து நாள் கொடுத்தார், மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேன் எலி மருந்துக் கேக் வைக்கிறார்.

பெங்களூரில் இருக்கும் மகள், "வயசான நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தா கேன்சர்தாம்மா. கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு அனுப்பிடலாம்" என்கிறாராம். குடியிருப்புச் செயலாளர், நாயை வெளியே விட்டுவிடுங்கள் என்கிறாராம். விடுமுறைக்கு வரும் பேத்திக்கு நோய் ஒட்டுமோ என்ற பயம் வேறு. கடிதத்தின் கடைசி வரி: "அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியவில்லை டாக்டர்."

அன்புள்ள அம்மா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் ரத்தம் என்பது நோயின் பெயர் இல்லை, நோயின் அடையாளம். அதற்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். அவற்றில் சில ஒரு மாத மாத்திரையில் தீரும், சில ஒரு பல்லைப் பிடுங்கினால் தீரும், சில தீராது. பிரவுனிக்கு எது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்காமல் அவனை அனுப்பிவைப்பதைப் பற்றி நீங்களும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மகள் சொல்வது நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரணத்தின் பெயர் தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது.

உடனே நிறுத்த வேண்டிய இரண்டு

சின்ன வெங்காயத்தை இன்றே நிறுத்துங்கள். நம் வீடுகளில் சூட்டுக்கு அதுதான் முதல் மருந்து, உங்கள் மேல் தவறில்லை. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும், சாம்பாரில் வெந்து கரைந்திருந்தாலும் அப்படித்தான். ஏற்கெனவே ரத்தம் இழக்கும் நாய்க்கு அது இரண்டாவது அடி. இளநீரால் கெடுதல் இல்லை, ஆனால் மூக்கு ரத்தத்தை அது நிறுத்தாது. வெயிலில் சூடேறி மூக்கு உடைவது மனிதர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, உண்டு. நாய்க்கு வெறும் வெயிலால் மூக்கில் ரத்தம் வருவதில்லை. வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது உங்கள் மூட்டுவலி மாத்திரை. கடிதத்தில் இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். நாம் சாப்பிடும் வலி மாத்திரைகள் பல, நாய்க்குக் குடலில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். சிலது, ரத்தத்தை உறைய வைக்க உதவும் பிளேட்லெட் அணுக்களை வேலை செய்ய விடாமல் தடுத்து, ரத்தம் நிற்பதைத் தாமதப்படுத்தும். டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தது ஏப்ரலுக்கு முன்பா பின்பா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள், அவர் கட்டாயம் கேட்பார். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். கால் வலிக்கு நாய்களுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா

மூன்று முறையும் இடது துளை என்று நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. இரண்டு பக்கமும் ரத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் உடம்பு முழுக்க இருக்கும்: பிளேட்லெட் குறைவு, ரத்தம் உறையாமை, ரத்த அழுத்தம். ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்க மூக்குக்குள்ளேயே ஏதாவது இருக்கும் வாய்ப்பு கூடுதல்: பல் வேரில் சீழ், கட்டி, பூஞ்சை, உள்ளே சிக்கிய புல் துணுக்கு. இது முழுமையான விதி இல்லை. உண்ணிக் காய்ச்சலில் ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வரலாம். ஒரு பக்கமாகத் தொடங்கும் கட்டி நாளடைவில் மறுபக்கமும் போகலாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஓர் எவர்சில்வர் தட்டை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, பிரவுனி அமைதியாகப் படுத்திருக்கும்போது மூக்குக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டு துளைக்கும் நேராக இரண்டு ஆவித் திட்டுகள் படிய வேண்டும். இடது பக்கம் படியவில்லை, அல்லது மிகச் சிறிதாகப் படிகிறது என்றால் அந்தப் பாதை அடைபட்டிருக்கிறது. அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். முகத்தை நேராகப் பார்த்து, இடது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் வீக்கம் உண்டா, இடது கண்ணில் நீர் வடிகிறதா என்றும் கவனியுங்கள்.

உண்ணியை ஏன் முதலில் சந்தேகிக்கிறேன்

சென்னையில் வயதான நாய் மூக்கில் ரத்தத்தோடு வந்தால் நான் முதலில் கேட்பது உண்ணியைப் பற்றித்தான். "இப்போது இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நிம்மதி அடைய முடியாது. நம் ஊர்ப் பழுப்பு உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறுகிறது. சில நாய்களுக்குச் சில வாரத்திலேயே காய்ச்சல் வந்து தெரிந்துவிடும். சில நாய்களில் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட, அமைதியாக இருந்துவிட்டு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். அப்போது பிளேட்லெட் சரிகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இதே நோயால் செத்தன. அவற்றில் எல்லோர் கண்ணிலும் பட்ட அடையாளம் மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம்.

ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை பிளேட்லெட் இருக்கும். 50 ஆயிரத்துக்குக் கீழே போகப் போக, அடிபடாமலேயே ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் சொல்லும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் மெஷின் குறைத்துக் காட்டிவிடும்.

உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, வழக்கமாக 28 நாள். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. விழுங்கிய பிறகு கொஞ்சம் தண்ணீரோ சாதமோ உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஐந்தாறு நாளில் நாய் துள்ள ஆரம்பிக்கும், பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: மஜ்ஜை மிகவும் கெட்டுப்போன நிலையில் இந்த மருந்துக்கும் எல்லா நாயும் தேறுவதில்லை. அதனால்தான் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறேன்.

பப்பாளி இலைச் சாறு தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் தரும் மருந்துக்குப் பதிலாக அது ஆகாது. கடையில் வாங்கும் மனிதர்களுக்கான சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருந்தால் அது நாய்க்கு விஷம். டாக்டரிடம் பாட்டிலைக் காட்டாமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

பல்லும், கட்டியும்

வலது பக்கமாகவே கடிக்கிறான், ரத்தம் இடது பக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாயின் மேல் கோரைப்பல்லின் வேர் மிக நீளமானது. அதற்கும் மூக்குக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புதான். வேரில் சீழ் பிடித்தால் அந்த எலும்பு அரித்து மூக்கில் திறந்துவிடும். தும்மல், ரத்தம், வாய் நாற்றம் எல்லாம் சேர்ந்து வரும். பல்லை எடுத்துத் துளையை மூடினால் நாய் தேறிவிடும். உதட்டைத் தூக்கிப் பார்த்து "பல் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட முடியாது, மயக்கம் கொடுத்துத்தான் சரியாகப் பார்க்க முடியும்.

சரி, மகள் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வயதான நாய்க்கு மூக்குக்குள் புற்றுநோய் வருவது உண்மை. பத்து வயதை ஒட்டித்தான் அது அதிகம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் சில மாதங்கள்தான், ரத்தம் வரும் நாய்களுக்கு இன்னும் குறைவு. உலகில் இதற்குக் கொடுக்கும் முதன்மைச் சிகிச்சை கதிர்வீச்சு. அது நாய்களுக்கு நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. வலியைக் குறைத்து, கிடைக்கும் நாட்களை நல்ல நாட்களாக்கும் மருந்துகள் இருக்கின்றன.

ஆனால் மூக்கில் கட்டி என்றாலே இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் பிறந்த, கருத்தடை செய்யாத, தெரு நாய்களோடு பழகிய நாய்க்கு இன்னொரு வகைக் கட்டி வரும். இணை சேரும்போது நாய்க்கு நாய் ஒட்டிப் பரவும் கட்டி அது. நோயுள்ள நாயின் கட்டியை முகர்ந்தாலோ நக்கினாலோகூட, கட்டியின் செல்கள் மூக்கில் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கொடிய புற்றுநோய் மாதிரியே ரத்தம் வரும், தும்மும், முகம்கூட வீங்கும். இதற்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, நான்கு முதல் ஆறு வாரம், சிலவற்றுக்கு எட்டு வாரம் வரை. பெரும்பாலான நாய்கள் முழுசாகக் குணமாகிவிடுகின்றன. அனுப்பிவிடத் தயாராக வந்த வீட்டார், மூக்கிலிருந்து எடுத்த ஒரு ஸ்லைடைப் பார்த்த பிறகு நாயை வீட்டுக்கு அழைத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பிரவுனியின் பிறப்புறுப்பில் ரத்தக் கசிவோ, பூக்கோசு மாதிரித் தடிப்போ உண்டா என்று பாருங்கள். இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது

பென்ஷனில் ஓடும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வரிசை முக்கியம். முதல் நாள் ரத்த எண்ணிக்கையும் ஸ்லைடும், உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை, சிறுநீரகம் கல்லீரல், ரத்தம் உறையும் நேரம், அப்புறம் ரத்த அழுத்தம். ஆமாம், நாய்க்கும் முன்னங்காலில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கலாம். வயதான நாய்க்குச் சிறுநீரகம் தளர்ந்தால் அழுத்தம் ஏறி மூக்கு உடையும். வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறானா என்று கவனித்துச் சொல்லுங்கள். எலி மருந்துக் கேக்கைப் பற்றியும் சொல்லுங்கள். மூன்று மாதமாக விட்டு விட்டு ஒரே துளையில் வருவதால் அது காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது, சாப்பிட்ட சில நாள் கழித்தே வேலை காட்டும். வாட்ச்மேனிடம் சொல்லி அதை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இவை எதிலும் விடை கிடைக்காவிட்டால்தான் மயக்கம் கொடுத்து வாயையும் மூக்கையும் பார்ப்பது, எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், சதைத் துணுக்கு எடுப்பது. ரத்தம் உறைவது சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் மூக்குக்குள் துணுக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். பக்கத்துத் தெரு டாக்டர் போட்ட ஊசியின் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஊசிக்குப் பின் ரத்தம் நின்றது என்பதால் நோய் தீர்ந்ததாக ஆகாது, கட்டியில் வரும் ரத்தமும் வாரக்கணக்கில் நின்று மறுபடி வரும்.

உங்களுக்கு வேப்பேரி தூரமில்லை. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. தனியார் செலவோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு, எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில். நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

மறுபடி ரத்தம் வந்தால்

மின்விசிறியைப் போட்டு, டிவியை நிறுத்தி, அவனை ஒரு மூலையில் அமைதியாகப் படுக்க வையுங்கள். நீங்கள் பதறினால் அவனும் பதறுவான், பிரஷர் ஏறும், ரத்தம் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மூக்குத்தண்டின் மேல், கண்ணுக்குக் கீழே, ஐந்து நிமிடம் வைத்து எடுத்து மறுபடி வையுங்கள். துளையை அடைக்காதீர்கள். தலையை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குப் போகும். பஞ்சு வேண்டாம். நமக்கான மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம், அது நாயின் இதயத்தைப் பாதிக்கும். வெள்ளைத் துண்டு ஒன்றைக் கீழே விரியுங்கள். எத்தனை துண்டு நனைந்தது என்று சொன்னால் எவ்வளவு ரத்தம் போனது என்று டாக்டருக்குப் புரியும்.

கால் மணி நேரத்தில் குறையவில்லை, ஈறு வெளுத்துவிட்டது, மூச்சு வாங்குகிறது, நிற்க முடியாமல் தள்ளாடுகிறான், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், தார் மாதிரிக் கறுப்பு மலம் - இவற்றில் எது இருந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். கறுப்பு மலம் அவன் விழுங்கிய ரத்தமாகவும் இருக்கலாம், வலி மாத்திரையால் வந்த குடல் புண்ணாகவும் இருக்கலாம். எதுவென்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம்.

பேத்தியும், செயலாளரும்

உண்ணிக் காய்ச்சலோ, நான் சொன்ன கட்டிகளோ பிரவுனியின் ரத்தம் பட்டுப் பேத்திக்கு ஒட்டாது. ஆனால் நாய்க்கு வரும் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவும். அதனால் ரத்தத்தையும் சிறுநீரையும் கையுறை போட்டுத் துடைத்து, சோப்பால் கை கழுவுங்கள். இன்னொன்று, உண்ணியைக் கையால் பிய்த்து நகத்தால் நசுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது கூடாது. உண்ணி மனிதருக்கும் காய்ச்சலைத் தரும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, வீட்டு இடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

செயலாளரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். வளர்த்த நாயைத் தெருவில் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியமும் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டும் கையில் இருக்கட்டும். கூடவே, மாடிப்படி ரத்தத்தை உடனே கழுவிவிடுகிறேன் என்றும் சொல்லுங்கள். அவருக்கும் அதைப் பார்த்துப் பயம்தானே.

அந்தக் கடைசி வரி

உங்கள் கணவர் என்ன செய்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. பரிசோதனையில் கெட்ட செய்தியே வந்தாலும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. பால் கணக்கு எழுதும் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டான், வாலாட்டினான், வாசல் வரை வந்தான் என்றால் அந்தத் தேதியில் ஒரு வட்டம். சாப்பிடவில்லை, மூச்சு விடக் கஷ்டப்பட்டான், தூங்கவில்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. வாராவாரம் அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புங்கள். அவர் கல்மனசுக்காரர் இல்லை, தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் தனியாக ரத்தம் துடைப்பதை நினைத்துத் தவிக்கிறார். பெருக்கல் குறிகள் வட்டங்களைத் தாண்டும் வாரம் வந்தால், அப்போது ஊசியைப் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். அது கைவிடுவது ஆகாது. அந்த ஊசியை வலியில்லாமல் போடுவார்கள், நீங்கள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே இருக்கலாம்.

ஆனால் அது இன்றைய வேலை இல்லை. நாளைக்குக் காலை ஆட்டோவுக்குச் சொல்லி வையுங்கள். கழுத்துப் பட்டையில் சங்கிலி போட்டு இழுக்காதீர்கள், தலைக்கு ரத்த அழுத்தம் ஏறும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பழைய துப்பட்டாவை முன்னங்கால்களுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்தாலும் போதும். மாத்திரை அட்டை, ஊசிச் சீட்டு, தட்டில் படிந்த ஆவியின் போட்டோ, இரண்டு வெள்ளைத் துண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.